குனிந்தாலும் கொட்டாத பை

தலையில் சுமையோடு எப்படிக் குனிவது? ரத்தினம்மாவுக்கு அதுதான் பெரிய தொல்லை.

சிங்கப்பூரை ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த காலம் அது. காவல் நிற்கும் சிப்பாயைக் கடக்கும் எவரும் நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும். வெறுங்கையோடு போகிறவர்களுக்குக் கவலையில்லை. ரத்தினம்மாவோ சிராங்கூன் தோட்டத்திலிருந்து ஜாலான் புசார் வீட்டுக்கு மரவள்ளிக்கிழங்குச் சாக்கைச் சுமந்து வருகிறவள். சாக்கை இறக்க வேண்டும், குனிய வேண்டும், பிறகு தனியாளாக மறுபடி தலைக்கு ஏற்ற வேண்டும்.

அப்படி ஏற்றும்போதுதான் கழுத்து பிடித்துக்கொண்டது.

"இனி யாரும்மா கிழங்கு கொண்டு வர்றது?" என்று கேட்டாள் பத்து வயதுக் கண்மணி.

அப்பா விடியுமுன் துறைமுக வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அரிசி கிடைப்பதோ அபூர்வம். வீட்டிலிருந்த கிழங்கும் நாளையோடு தீர்ந்துவிடும்.

"நான்தான்," என்றாள் அம்மா, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி.

"நான் போறேன்மா."

"சாக்கே உன் தம்பி கனம் இருக்கும். மழையில நனைஞ்சா உன் கனம். போ, போய் விளையாடு."

கண்மணி விளையாடப் போகவில்லை. பக்கத்துக் கடை காதர் மைதீனிடம் போனாள். அவர் பழைய சாமான் வியாபாரி. கடை மூலையில் கம்பி முறிந்த குடைகள் குவிந்து கிடந்தன.

"மாமா, உடைஞ்ச குடை ஒண்ணு தருவீங்களா?"

"மழைக்கா? விரிக்க முடியாதே."

"கிழங்குக்கு."

காதர் மைதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு குடையைக் கொடுத்தார். தேய்ந்துபோன சைக்கிள் டியூப்பையும் சேர்த்துக் கொடுத்தார்.

கண்மணி குடைத்துணியைப் பிரித்து மடித்துப் பையாகத் தைத்தாள். வாய் சுருங்காமலிருக்க ஒரு குடைக்கம்பியை வளைத்துச் செருகினாள். டியூப்பைத் தோள்வார்களாகக் கட்டினாள். பை காற்றில் பறக்கும் போலிருந்தது, அவ்வளவு லேசு.

சோதித்துப் பார்க்கக் காதர் மைதீனின் மகன் மஜீது வந்தான். துடைப்பத்தைத் துப்பாக்கியாகத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணை உருட்டி முறைத்தான்.

"குனி."

பை நிறையத் தேங்காய்ச் சிரட்டைகளோடு கண்மணி குனிந்தாள். கடகடவென்று அத்தனை சிரட்டையும் அவள் தலைவழியே உருண்டு மஜீதின் காலடியில் விழுந்தன.

"சிப்பாய்க்கு மாலை போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். சிரட்டை போட்டு இப்பத்தான் பார்க்கிறேன்," என்றான் மஜீது.

"சிரிக்காதே லா. நிஜச் சிப்பாய் சிரிக்க மாட்டான்."

அவள் பையின் வாய்க்கு ஒரு மூடி தைத்தாள். அதை இழுத்துக் கட்ட நாடா வைத்தாள். மறுபடி குனிந்தாள். இப்போது ஒன்றும் கொட்டவில்லை. ஆனால் பை சரிந்து பிடரியில் இடித்தது. நிமிர்ந்தபோது பின்னால் இழுத்தது. கண்மணி மல்லாந்து விழுந்தாள்.

"ஆமை," என்றான் மஜீது, கை கொடுத்துத் தூக்கியபடி.

சோர்ந்துபோய் வீட்டுக்குள் வந்தாள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பில் கிழங்குக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பியத் தூக்கினா கழுத்து வலிக்கலையாம்மா?"

"கழுத்துலயா உக்காந்திருக்கான்? இடுப்புலதானே. எவ்வளவு நேரம்னாலும் தாங்கும்."

கண்மணி அம்மாவின் இடுப்பையே பார்த்தாள். பிறகு அம்மாவின் கிழிந்த சேலைத்துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். பையின் அடியில் பட்டையாகத் தைத்து, வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பை இடுப்பின்மேல் தம்பியைப் போல ஒட்டி உட்கார்ந்தது.

மஜீது மறுபடி துடைப்பத்தோடு நின்று முறைத்தான். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள். ஒன்றும் உருளவில்லை, எதுவும் இழுக்கவில்லை.

மறுநாள் தம்பியைக் காதர் மைதீன் வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் கண்மணியும் தோட்டத்துக்குப் புறப்பட்டார்கள். "தனியா உன்னை விடமாட்டேன். ஆனா சுமை உன்னோடது," என்றாள் அம்மா.

திரும்பும் வழியில் சிப்பாய் நின்றான். முன்னால் ஒருவர் தலைமூட்டையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கத் திணறிக்கொண்டிருந்தார். அம்மாவின் கை கண்மணியின் தோளை இறுகப் பற்றியது.

இருவரும் குனிந்தார்கள். பை அசையவில்லை.

சிப்பாய் கண்மணியைத் திரும்பி நிற்கச் சைகை காட்டினான். அவள் திரும்பி நின்றாள். அவன் மூடியை அவிழ்த்துக் கிழங்கைப் பார்த்தான், குடைத்துணியைத் தடவினான், டியூப்பைச் சுண்டி இழுத்தான். பிறகு நாடாவைத் தானே கட்டிவிட்டு, போகலாம் என்று கையசைத்தான்.

நெடுந்தூரம் வந்த பிறகுதான் அம்மா மூச்சு விட்டாள். "பயந்துட்டியா?"

"கொஞ்சம்தான். மஜீது இதைவிட நல்லா முறைச்சான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலித்தது. வலித்தும் சிரித்தாள்.

வீட்டை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் தொப்பலாக நனைந்து காதர் மைதீன் கடைக்குள் ஓடினார்கள். கண்மணி பையைத் திறந்தாள். கிழங்கில் ஒட்டியிருந்த மண்கூட நனையவில்லை.

அம்மா ஒரு கிழங்கை எடுத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு பையின் தையலைப் பார்த்தாள்.

"கழுத்து சரியானதும் எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடு," என்றாள். "கொஞ்சம் பெரிய குடையாப் பார்த்து எடு."

அம்மாவும் மகளும் சேர்ந்தே கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார்கள். காதர் மைதீன் கையிலிருந்த தம் புதுக்குடையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.