வலப்பக்கம் சாய்ந்த தலை

திங்கட்கிழமை, காலை 8.45. மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டின் மாடிப்படித் திருப்பத்தில் உமேஷ் நெற்றியில் ரத்தத்தோடு கிடந்தான். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. நினைவு திரும்பியதும் அவன் சொன்னது ஒன்றுதான்: "பின்னாலேர்ந்து தள்ளிட்டான்."

பின்னால் இறங்கி வந்தவர் ஒரே ஒருவர், அந்த அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வரும் சிட்டிபாபு. முந்தின நாள்தான் தண்ணீர் கலங்கலாக இருந்ததென்று இருவருக்கும் வாய்த்தகராறு. மதியத்துக்குள் அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"நா தொடவே இல்ல மேடம். தள்ளித்தான் வந்துகினு இருந்தேன். போன் பேசிக்கினே போனாரு, அப்டியே வுழுந்துட்டாரு."

"ஏன் விழுந்தார்?"

"அதான் எனக்கும் புரியல."

சப்-இன்ஸ்பெக்டர் சரோஜினிக்கு அந்தப் பதில் உறுத்தியது. பொய் சொல்கிறவன் 'கால் வழுக்கிச்சு' என்றாவது சொல்லியிருப்பான்.

மறுநாள் காலை 10 மணிக்கு உமேஷின் வீட்டுக்குப் போனாள். அவன் கையில் கட்டு, இடது காதில் பஞ்சு.

"முதுகுல தள்ளினாரா, தோள்லயா?"

உமேஷ் யோசித்தான். "கை பட்ட ஞாபகம் இல்லை மேடம். ஆனா படியைப் பார்த்துத்தான் காலை வெச்சேன். வெச்ச இடத்துல படி இல்லை. தள்ளாம எப்படி?"

"கையில என்ன இருந்தது?"

"லேப்டாப் பை. இன்னொரு கையில குப்பை."

"அப்ப போன்?"

"வலது தோள்ல இடுக்கிக்கிட்டேன். இடது காதுல நாலு நாளா வலி."

சுவரில் பள்ளிக்கூடம், பட்டமளிப்பு, கல்யாணம் என்று படங்கள். எல்லாவற்றிலும் அவன் தலை இடப்பக்கமே சாய்ந்திருந்தது. சரோஜினி பார்ப்பதைக் கண்டு மனைவி ஸ்ரீவித்யா சிரித்தாள். "நேரா பாருங்க சார்னு சொல்லிச் சொல்லி போட்டோகிராபரே ஓய்ஞ்சு போயிட்டார்."

"கண்ல ஏதாவது தொந்தரவு?"

"கொஞ்ச நாளா லேப்டாப் பார்க்கறப்ப ஒரு கண்ணை மூடிக்கறார். கேட்டா டயர்டும்பார்."

சரோஜினி எழுந்தாள். "படிக்கட்டு வரைக்கும் வாங்க."

ஸ்ரீவித்யா கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "தலையை வலப்பக்கம் சாய்ச்சு, கீழ்ப்படியைப் பாருங்க," என்றாள் சரோஜினி.

உமேஷின் முகம் வெளுத்தது. "ரெண்டு படி தெரியுது. ஒண்ணுக்கு மேல ஒண்ணு."

"இப்ப இடப்பக்கம் சாய்ங்க."

"ஒண்ணாயிடுச்சு."

"இடது காது வலியால போனை வலப்பக்கம் இடுக்கினீங்க. தலையும் அந்தப் பக்கம் சாய்ஞ்சுது. இல்லாத படியில காலை வெச்சீங்க. உங்களை யாரும் தள்ளல."

சாயங்காலம் தாம்பரத்தில் கண் டாக்டர் தோத்தாத்ரி சோதித்துவிட்டு அதையே சொன்னார். வலது கண்ணைக் கீழே திருப்பும் ஒரு சின்னத் தசைக்குப் பிறவியிலேயே பலம் குறைவு. அதனால் அந்தக் கண் மற்றதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். தலையை இடப்பக்கம் சாய்த்தால் இரண்டு காட்சிகளும் ஒன்றாகிவிடும். குழந்தையிலிருந்தே உடம்பு தானாக அதைப் பழகிக்கொண்டது. வயது ஏற ஏறச் சமாளிக்கும் சக்தி குறைகிறது. வலப்பக்கம் சாய்ந்து கீழே பார்க்கும்போதுதான் குறை அதிகம் தெரியும்.

"உங்களைத் தள்ளிவிட்டது அந்தத் தசைதான்," என்றார் டாக்டர். "கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். போதலேன்னா ஆபரேஷன்."

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் உமேஷ் புகாரைத் திரும்பப் பெற்றான். வெளியே வந்த சிட்டிபாபுவை நிமிர்ந்து பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"நான் பொய் சொல்லலை அண்ணா. நிஜமாவே தள்ளினதாத்தான் நினைச்சேன்."

"நீ பொய் சொன்னேன்னு நா எப்ப சார் சொன்னேன்?" என்றார் சிட்டிபாபு. "நானும் பொய் சொல்லலன்னு நீ ஒருவாட்டி நெனச்சுப் பாத்திருக்கலாம்."