கோசலா கொடுத்த நடை

காலையில் நடையகம் திறந்ததும் என் முதல் வேலை, சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் உணர்கால்கள் என்னும் செயற்கைக் கால்களுக்கு சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு காலுக்குள்ளும் வேறு யாரோ ஒருவரின் நடை இருக்கிறது. அண்ணனுடையது, மனைவியுடையது, ஒருமுறை மாமியாருடையதும் இருந்தது. அந்த மருமகன் இன்றுவரை யாரையோ அதட்டப் போகிறவன்போலத்தான் நடக்கிறான்.

தொழிற்சாலையில் எழுதிய நடையை உடல் ஏற்பதில்லை என்பது இந்தப் போருக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் கூட வாழ்ந்தவரின் நடை என்றால் மூளை முரண்டு பிடிப்பதில்லை. அதனால்தான் நடைக்கொடை. கொடுப்பவர் இடுப்பில் சென்சார் பட்டியைக் கட்டிக்கொண்டு சில மாதங்கள் நடக்க வேண்டும். கையில் எந்தச் சுமையும் கூடாது. இதை நான் தொண்டை வறளச் சொல்லித்தான் அனுப்புவேன்.

நிமலராசனுக்கு நடை கொடுத்தவள் அவன் மனைவி கோசலா. அன்று அவனுக்கு உணர்காலைப் பொருத்திவிட்டு எழுந்து நடக்கச் சொன்னேன். நடந்தான். ஆனால் எட்டு வைக்கும்போதெல்லாம் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. திரையில் பார்த்தேன். காலில் பழுதில்லை, பதிவே அப்படித்தான் இருந்தது.

கோசலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய இடது இடுப்பில் மகள் இதழினி சொகுசாக உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டோ நடந்தனீர்?"

"இறக்கிவிட்டா அழுறாள், மிஸ். ஆரிட்டைக் குடுக்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதிவை அழித்தால் திரும்பவும் சில மாதங்கள் ஆகும், அதுவரை அவனுக்குச் சக்கர நாற்காலிதான் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

நிமலராசனின் முகம் வாடிவிட்டது. "நேரா நடந்த பிறகு பிள்ளையைத் தூக்குவம் எண்டு இருந்தனான், மிஸ்." மகள் பிறந்தபோது அவன் போர்முனையில் இருந்தான். ஒற்றைக் காலோடு திரும்பியவன், விழுத்திவிடுவேனோ என்ற பயத்தில் அவளை ஒருநாளும் தூக்கியதில்லை. அவளுக்கும் அவன் யாரோ ஒரு மாமாதான். "பரவாயில்லை, அழியுங்கோ" என்றான்.

அழிக்கப் போனேன். கோசலா குறுக்கே வந்தாள்.

"அது நான் இவளோடை நடந்த நடைதானே, மிஸ். இவளை வைச்சு ஒருக்கா நடக்கட்டும்." அவன் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, பிடியுங்கோ."

"விழுத்திப்போடுவன், கோசலா."

"விழுத்தமாட்டியள்."

குழந்தையை அவன் இடது இடுப்பில் இருத்தினாள். இதழினி வீறிட்டுக் கத்தினாள். நான் கைகளை விரித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவன் பயந்து பயந்து எட்டு வைத்தான். பிறகு இன்னொன்று. பிள்ளையின் பாரம் இடப்பக்கம் இழுக்க, சாய்ந்த உடம்பு நிமிர்ந்தது. அறையின் அந்தக் கோடி வரைக்கும் நேராகப் போனான்.

திரும்பி வரும்போது அழுகைச் சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அம்மாவின் இடுப்பில் அவளுக்குப் பழகிப்போன ஆட்டம் அது. இதழினி அவன் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"மிஸ்," என்று கிசுகிசுத்தான். "நிண்டா எழும்பிவிடுவாளோ?"

"நில்லாதையும்," என்றேன். "நடவும்."