செப்பன் சொன்ன திருத்தம்

"தொடுவானம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எருமையின் வால் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வரப்பில் கிடக்கும் நீலக் குடம் பார்வையை இழுக்கிறது," என்றது செப்பன். "குடத்தை எடுத்துவிட்டு, இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து, எருமை திரும்பும்வரை காத்திருந்தால் படம் மேம்படும்."

சென்னியப்பனுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. வயலில் இறங்கினார். குடத்தைத் தூக்கி அடுத்தவர் வயலுக்குள் வீசினார். பிறகு எருமைக்காக நின்றார். எருமை திரும்புவதாக இல்லை. அவருக்கும் அவசரமில்லை. தன் படத்தில் இன்ன இடத்தில் இன்ன குறை என்று சொல்ல உலகத்தில் ஒரு ஜீவன் கிடைத்துவிட்டதே, அது இயந்திரமாக இருந்தால்தான் என்ன!

கோபிசெட்டிபாளையத்தில் மஞ்சள் கிடங்கு வைத்திருந்த அவருக்குப் படம் எடுப்பதுதான் உயிர். நெற்றிவில்லை வந்த பிறகு எல்லோருமே படம் எடுப்பவர்கள்தான். பொட்டளவுக் கண்ணாடி ஒன்றை நெற்றியில் ஒட்டிக்கொண்டு இரண்டு முறை இமைத்தால் படம் விழுந்துவிடும். எடுத்ததை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புவார்கள். எல்லோரும் எல்லோரையும் புகழ்வார்கள். சென்னியப்பன் இருந்த ஒளிப்பட வட்டத்தில், அவர் ஒவ்வொரு முறையும் "ஆக்கபூர்வமான விமர்சனம் வேண்டுகிறேன், தயங்காமல் சொல்லவும்" என்று எழுதித்தான் படத்தைப் போடுவார். "அருமை" என்று பதில் வரும். "மிக அருமை" என்று வரும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் இமைத்து, தன் முழங்காலையே படமெடுத்து அனுப்பிவிட்டார். அதற்கும் அருமைகள் வந்து குவிந்தன. ஒருவர் மட்டும், "பாலைவனத்தின் தனிமையை இதைவிடச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்டவர் கையில்தான் செப்பன் வந்து சேர்ந்தது. மிளகளவு இயந்திரம். காதுமடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும். பல கோடிப் படங்களைப் பல கோடிப் பேர் பார்த்தபோது அவர்களுடைய விழி எங்கே வழுக்கிப் போயிற்று, எங்கே தட்டுத்தடுமாறிற்று என்பதையெல்லாம் அளந்து பழகிய இயந்திரம் அது. விழி தடுமாறும் இடத்துக்கு அது வைத்த பெயர் இடறல். ஒவ்வொரு படத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அதைச் செய்தவர்கள் ஒரு விதியும் வைத்திருந்தார்கள்: தீர்வு சொல்லாமல் குறை சொல்லக் கூடாது.

அந்த ஒரு விதியால்தான் ஊரே மாறிப்போனது. பேருந்து நிலையத்துக்கு முன்னால் எடுக்கிற படங்களிலெல்லாம் ஒரு மின்கம்பம் ஆட்களின் தலையிலிருந்து முளைத்ததுபோல நிற்கிறது என்று செப்பன் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் நகராட்சி கம்பத்தையே பிடுங்கி நகர்த்தி நட்டது. டீக்கடைக்காரர் சிவப்பு பெஞ்சுக்குச் சாம்பல் நிறம் அடித்தார். மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் வெள்ளையாகப் பார்த்துக் காயப்போட்டார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், ஊர் நிஜமாகவே அழகாகிவிட்டது. சென்னியப்பனின் படங்கள் ஐம்பதிலிருந்து எழுபது, எழுபத்தைந்து என்று ஏறின.

பொருள்களில் குறை தீர்ந்த பிறகு செப்பன் மனிதர்களிடம் வந்தது.

அவருடைய ஒரே மகள் திகழ்மதியின் நிச்சயதார்த்தம். குடும்பத்தையெல்லாம் நிறுத்திவைத்து இமைத்தார். "அறுபத்தொன்று," என்றது செப்பன் காதுக்குள். "இடது ஓரத்தில் கிளிப்பச்சைச் சட்டையில் நிற்பவரிடம் விழி இடறுகிறது. அவர் விலகினால் படம் மேம்படும்."

கிளிப்பச்சைச் சட்டையில் நின்றது குப்புராஜ். சென்னியப்பனின் மனைவி துளசிமணியின் தம்பி. ஈரோட்டில் பல் டாக்டர். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும், காது இரண்டும் முன்னுக்கு வந்துவிடும். மனிதர் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருப்பார். மச்சானின் படங்களைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மனக்குறை சென்னியப்பனுக்கு ரொம்ப நாளாக உண்டு.

"மாப்ள, நீங்க கொஞ்சம் அந்தப்பக்கம் நில்லுங்க."

"இங்கீங்களா மச்சான்?"

"இன்னுங் கொஞ்சம்."

"இங்கீங்களா?"

"கதவுக்கு அந்தப்பக்கம்."

குப்புராஜ் சிரித்துக்கொண்டே கதவுக்கு அந்தப்பக்கம் போனார். சென்னியப்பன் இமைத்தார். எண்பத்துநான்கு! அவர் வாழ்நாளில் அப்படியொரு மதிப்பெண் வாங்கியதில்லை. சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தபோது குப்புராஜின் செருப்பு வாசலில் இல்லை.

"ஏனுங்க, பொண்ணுக்குத் தாய்மாமனைக் கதவுக்கு வெளிய நிறுத்திப்போட்டு அப்படியென்ன படம் உங்களுக்கு?" என்று கேட்டாள் துளசிமணி.

"நானா சொன்னேன்? செப்பன் சொல்லுச்சு. அதுக்கென்ன உன்ர தம்பி மேல முன்விரோதமா?"

"அது சொல்லும். நீங்க எதுக்குக் கேட்டீங்க?"

கல்யாணம்வரை துளசிமணி அவருடன் அளவாகத்தான் பேசினாள். குப்புராஜுக்கு அவள் போன் போட்டு அழுததும், "வர்றேங்க்கா, மாலை போடற நேரத்துக்கு மேடைக்கு வர்றேன். அதுவரைக்கும் பந்திப் பக்கம் இருந்துக்கறேன், யார் படத்துலயும் உளுகமாட்டேன்" என்று அவர் சொன்னதும் சென்னியப்பனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசவில்லை. எண்பத்துநான்கு மதிப்பெண் அப்படிக் கண்ணை மறைத்திருந்தது.

கல்யாண மண்டபத்துக்காரர் புதிதாக ஒரு வசதி செய்திருந்தார். விருந்தாளிகள் யாரும் சிரமப்பட வேண்டாமென்று நாலு தூண்களிலும் வில்லை பொருத்தி, மண்டபத்துக்கென்றே பெரிய செப்பன் ஒன்றை வைத்திருந்தார். அது காதுக்குள் பேசாது. ஒலிபெருக்கியில், இனிமையான குரலில், ஊருக்கே கேட்கப் பேசும்.

"மேடையில் நான்காவதாக நிற்கும் அம்மையாரின் மூக்குக்கண்ணாடி ஒளியைத் திருப்புகிறது. அவர் கீழே இறங்கினால் படம் மேம்படும்."

மாப்பிள்ளையின் அத்தை இறங்கினார்.

"பட்டு வேட்டி கட்டியுள்ள பெரியவரின் வயிற்றில் விழி இடறுகிறது."

சம்பந்தி மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். செப்பன் பொறுமையாகக் காத்திருந்தது. அவர் மூச்சை விட்டதும், "நன்றி. இறங்கலாம்," என்றது. திரையில் மதிப்பெண் ஒவ்வொரு ஆள் இறங்கும்போதும் ஏறியது. எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. மண்டபத்தில் இருந்தவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோலக் கைதட்டினார்கள். மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நின்ற சென்னியப்பன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"மணமகளின் வலப்புறம் நிற்பவரிடம் விழி இடறுகிறது," என்றது செப்பன்.

யாரடா அது என்று சென்னியப்பன் வலப்புறம் திரும்பிப் பார்த்தார். அங்கே தூண்தான் இருந்தது. முன்னால் பார்த்தார். மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இறுகிய தாடை. எப்போதும் எதையோ சரிபார்க்கும் கண்கள். அவர் விலகினால் படம் ஆறு புள்ளி மேம்படும்."

அவர் துளசிமணியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். மகளைப் பார்த்தார். "அப்பா, இருங்க," என்று திகழ்மதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஆறு புள்ளி என்றதும் கூட்டத்தில் எழுந்த "ஆகா" அவள் குரலை மூழ்கடித்துவிட்டது. பெற்ற மகளின் கல்யாண மேடையிலிருந்து இறங்கி, நடுவில் விரித்திருந்த கம்பளத்தின்மேல், கைதட்டலுக்கு நடுவே அவர் வெளியே நடந்தார். கைதட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவருடைய ஒளிப்பட வட்டத்துக்காரர்கள்.

பந்திக்கூடத்தில், இலை போடாத மேசை ஒன்றில் குப்புராஜ் உட்கார்ந்து ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மூக்குக்கண்ணாடி அத்தை, வயிற்றுச் சம்பந்தி, ஒரு பக்க மீசை மட்டும் நரைத்த ஒருவர், இன்னும் பலர். ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. குப்புராஜ் எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க மச்சான். எத்தனை புள்ளிங்க?"

"ஆறு."

"அட, சம்பந்தியே நாலுதானுங்க!"

சம்பந்தி கைகொடுத்தார். சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாங்கிரியைப் பார்ப்பதுபோலக் கீழே குனிந்துகொண்டார்.

"மாப்ள, அன்னிக்கு நான் செஞ்சது தப்புத்தான்."

"விடுங்க மச்சான்."

"விடறேன். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தனை வருஷமா என்ர படத்தையெல்லாம் பாத்துட்டு வாயே திறக்காம இருந்தீங்களே, ஏன்? இப்பச் சொல்லுங்க. எதுனாலும் பரவால்ல."

குப்புராஜ் முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார். அவருக்கும் கண்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கோவிச்சுக்கக் கூடாதுங்க. என்ர நாற்காலில வந்து வாயத் திறந்துட்டு உக்காந்திருப்பாங்க பாருங்க, எப்படா இந்தாளு விடுவான்னு? உங்க படத்துல எல்லார்த்து முகமும் அப்படியே இருக்குதுங்க. அக்கா, மதி, எல்லாரும். எருமைகூட அப்படித்தான் பாக்குது."

சென்னியப்பன் ஜாங்கிரியை எடுத்து, தின்னாமல் திரும்பவும் வைத்தார். குப்புராஜ் பயந்துபோய், "நான் பல் டாக்டருங்க, எனக்கென்ன தெரியும்," என்று ஆரம்பித்தார்.

"இல்ல மாப்ள. அதுக்குத் தீர்வு என்னன்னு யோசிக்கறேன்."

"தீர்வெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஜாங்கிரி சாப்பிடுங்க."

அப்போது மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு பெரிய "ஐயோ" கேட்டது. சற்று நேரத்தில் கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை பரணீதரன் பந்திக்கூடத்து வாசலில் வந்து நின்றான்.

"மாமா, இங்க உக்காரலாங்களா?"

"நீங்க எங்கீங்க மாப்பிள்ளை இங்க?" சென்னியப்பன் பதறி எழுந்தார்.

"நெற்றி ரொம்ப அகலமாமுங்க. ஒன்பது புள்ளி." முன்தலையைத் தடவிக்கொண்டான். "தாலி கட்டற கையை மட்டும் ஓரத்திலிருந்து நீட்டினா நல்லா இருக்கும்னு அது யோசனை சொல்லுதுங்க."

அவன் பின்னாலேயே திகழ்மதி வந்தாள். பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். மறு கையில் தாலி வைத்த தட்டு. அவளுக்குப் பின்னால் துளசிமணி, சடங்கு செய்ய வந்திருந்த பெரியவர், நாதசுரக்காரர்கள், கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம், எல்லாரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

"அவரு கையை மட்டும் நீட்டறதுக்கு நான் என்ன ஜாக்கெட்டுக்கு அளவா குடுக்கறேன்?" என்று கத்தினாள் திகழ்மதி. "நேரம் போயிட்டிருக்குது. இங்கயே கட்டுங்க. மாமா, மாலை எங்க?"

குப்புராஜ் கையைத் துடைக்கக்கூட மறந்து எழுந்தார். ஜாங்கிரிப் பாகு ஒட்டிய கையாலேயே மாலை போட்டார். மேசைகளை ஒதுக்கினார்கள். சாம்பார் வாளிகளுக்கும் அப்பளக் கூடைக்கும் நடுவே, வாழையிலைக் கட்டின்மேல் தட்டை வைத்து, பெரியவர் வாழ்த்துச் சொல்ல, பரணீதரன் தாலி கட்டினான். அட்சதை போட அரிசி போதாமல் சமையல்காரர் உள்ளே ஓடிப்போய் ஒரு படி அள்ளி வந்தார். அவ்வளவு பேர் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றதில் யார் தலை யாருடையது என்றே தெரியவில்லை.

சென்னியப்பன் காதுக்குப் பின்னாலிருந்த மிளகைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். இமைக்கவில்லை. மகள் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் அவரைப் பார்த்தாள். பிறகு துளசிமணி பார்த்தாள். அப்போதுதான், கண்ணீர் முட்டியதால் இரண்டு முறை இமைத்தபோது, நெற்றிவில்லை தானாகவே ஒரு படம் எடுத்துக்கொண்டது. அதில் முன்னால் யாருடைய முழங்கையோ பாதியை மறைத்திருந்தது. மிச்சப் பாதியில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர் யாரிடமும் விமர்சனத்துக்குக் கொடுக்கவில்லை.

அதே நேரத்தில் மண்டபத்துக்குள் ஒரு சம்பவம் நடந்தது. மேடையில் ஆள் ஒருவர்கூட இல்லை. இரண்டு நாற்காலிகள், எரியும் குத்துவிளக்கு, பூச்சரங்கள். மண்டபச் செப்பன் படத்தை எடுத்தது. இடறல் தேடியது. கிடைக்கவில்லை. திரையில் முதல்முறையாக நூறு விழுந்தது. "திருத்தம் ஏதுமில்லை," என்று அது ஆளில்லாத மண்டபத்துக்குச் சொன்னது.

மண்டபத்துக்காரர் விவரமானவர். அந்தப் படத்தை வாசலில் பெரிதாக வைத்தார். அடுத்த முகூர்த்தத்திலிருந்து, கல்யாண வீட்டார் தாங்களாகவே கேட்க ஆரம்பித்தார்கள்: தாலி கட்டியானதும் எல்லாரும் வெளியே போய்விடுகிறோம், எங்களுக்கும் அப்படியொரு நூறு எடுத்துக் கொடுங்கள் என்று. அவர் எங்கே மெனக்கெடுவார்? எல்லோருக்கும் பழைய படத்தையே கொடுத்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள், கோபியில் புதுமணத் தம்பதிகளின் வீடெங்கும் கூடத்துச் சுவரில் அதே இரண்டு நாற்காலிகளும் அதே குத்துவிளக்கும் தொங்கின. அதன்முன் நின்று எல்லோரும் பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்த படங்களில், முன்னால் நிற்பவர்கள் விலகினால் மேம்படும் என்று செப்பன் சொன்னது.

முதல் படத்துக்கு உரியவர்கள் என்பதால் சென்னியப்பன் வீட்டுக்கு ஒரு பிரதி சட்டம் போட்டு இலவசமாக வந்தது. வேண்டாமென்று சொல்லத் தோன்றாமல் அவரும் மாட்டிவைத்தார். ஒருநாள், கரூரிலிருந்து வந்த மஞ்சள் வியாபாரி ஒருவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தார்.

"உங்க பொண்ணு கல்யாணப் படமுங்களா?"

"ஆமாங்க."

"நல்லா வந்திருக்குதுங்க. பொண்ணு எங்கீங்க?"

"சாப்பிடப் போயிருக்குதுங்க," என்றார் சென்னியப்பன்.