கேட்க ஆளில்லாத முகம்

காரியாபட்டியில் அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு ரோஷினி சிவகாசியில் வந்து இறங்கியபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குப் போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேரே தங்கள் பிரின்டிங் பிரஸ்ஸுக்கு நடந்தாள். தீபாவளி சீசன் ஆயிற்றே, புருஷன் ஹரிஷ்குமார் வேளைக்குச் சாப்பிட்டானோ இல்லையோ என்று அவளுக்குக் கவலை.

ஊரில் கரண்ட் இல்லை. பிரஸ்ஸின் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே எப்போதும் போல மை வாடை, மண்ணெண்ணெய் வாடை. அவற்றுக்கு அடியில் லேசாக இன்னொரு வாசனை. மரிக்கொழுந்து. இங்கே ஏது மரிக்கொழுந்து என்று நினைத்தபடி போனவள், அச்சாகி அடுக்கியிருந்த புஸ்வாண லேபிள்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு லேபிளிலும் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரோஷினியின் தங்கை பிரீத்தி.

பிரீத்தி செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தலையில் எந்நேரமும் மரிக்கொழுந்து வைத்திருப்பாள். சத்தமில்லாமல் பின்னால் வந்து அக்காவின் கண்ணைப் பொத்தி, "யாருன்னு சொல்லு" என்பாள். ஒரு தீபாவளியன்று, பற்றவைத்தும் எரியாமல் கிடந்த புஸ்வாணத்தைக் குனிந்து பார்த்தாள். அது அவள் முகத்தில் வெடித்தது. ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட கையால் அக்காவைத் தடவி, "என் மூஞ்சிய யாருக்கும் காட்டாத, ரோசாக்கா" என்றாள். அவள் பேசியதில் அதுதான் கடைசி.

அதனால்தான் பிரீத்தியின் படங்களையெல்லாம் ரோஷினி ஒளித்து வைத்தாள். அவளுக்கென்று தனிக் கம்ப்யூட்டர் கிடையாது. இருப்பது பிரஸ் ஆபீஸில் உள்ள ஒன்றுதான். பில் போடுகிறவர், டிசைன் செய்கிறவர் என்று கண்டவர் கையும் அதில் படும். அதனால் பழைய எழுத்துருக்கள் கிடக்கும் இடத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, யார் கண்ணிலும் படாதபடி மறைத்து, பாஸ்வேர்டு வைத்துப் பூட்டினாள். பாஸ்வேர்டு மறந்துபோனால் நினைவூட்ட ஒரு குறிப்பு எழுதச் சொன்னது. பிரீத்தியே கேட்பது போல, "நான் ஒன்னைய எப்படிக் கூப்புடுவேன்?" என்று எழுதினாள். விடை, ரோசாக்கா. அப்படிக் கூப்பிட்டவள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

ஆனால் அந்த விடை இன்னொரு ஆளுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில், மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டி அழுத ஒரு நாளில், ஹரிஷிடம் சொல்லிவிட்டாள். தொடவே மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான் அவன்.

லேபிள் ஷீட் ஒன்றை உருவிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாள்.

"ஏங்க, என்ன வேலை பாத்து வச்சிருக்கீக?"

ஹரிஷ் மானிட்டரைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. "போன வருசம் நெட்டுல இருந்து ஒரு பிள்ளை படத்த எடுத்துப் போட்டு, அவுக அப்பா வக்கீல் நோட்டீஸ் விட்டாரில்ல? இதுல அந்த வம்பே கெடையாது. கேக்க ஆளில்லாத மூஞ்சி. பட்டாசு கம்பெனி பார்ட்டிக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"கேக்க நான் இருக்கேன்."

"நீ நம்ம வீட்டு ஆளு, ரோஷினி. நீயா கேஸ் போடப் போற?"

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனீகளே!"

"சீசன் நேரத்துல சத்தியத்தப் பாத்துக்கிட்டிருந்தா லோடு போய்ச் சேருமா?"

ஊரான் திருடியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பாள். நம்பித் திறந்து காட்டியவனே கழுத்தை அறுத்துவிட்டான். அதுவும் எதன்மேல்? பிள்ளையைத் தின்ற அதே புஸ்வாணத்தின்மேல். அந்த முகத்தை இனி ஊர் ஊராகப் பிரித்துக் கொளுத்துவார்கள்.

அப்போது மிஷின் நின்றது.

மிஷின்மேன் அய்யாதுரை ஈரம் காயாத ஷீட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"மொதலாளி, பிளேட்ட மாத்துனீகளா?"

"இல்லையே."

"பொறவு இது என்ன?"

ஷீட்டில் பிரீத்தி சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தாள்.

இரண்டு கைகளிலும் ஆஸ்பத்திரிக் கட்டு.

"அடி ஷீட்டுல சிரிச்ச பிள்ள, மேல வர வர கையத் தூக்குது. என் கண்ணால பாத்தேன். இனிமே இந்த மிஷின நான் தொட மாட்டேன், சாமி." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அய்யாதுரை போய்விட்டார்.

"ஃபைல்லதான் ஏதோ கோளாறு," என்றான் ஹரிஷ். ஃபோல்டரைத் தேடி, பாஸ்வேர்டை அடித்தான். தவறு என்றது. மறுபடியும் அடித்தான். தவறு.

"ரோசாக்காதானே?" என்று முணுமுணுத்தான்.

அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததும் மரிக்கொழுந்து வாசனை குப்பென்று ஏறியது.

ரோஷினி அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அதே எழுத்துகளைத்தான் அடித்தாள். திறந்தது.

முதல் படத்தில் பள்ளிக்கூட வாசல் இருந்தது, பிரீத்தி இல்லை. அடுத்ததில் வெறும் ஊஞ்சல். அதற்கடுத்ததில், தைத்த புதுப்பாவாடை மட்டும் கொடியில் தொங்கியது. எந்தப் படத்திலும் பிரீத்தி இல்லை.

கடைசியாக, ரோஷினி வைக்காத ஒரு படம்.

அதில் ஹரிஷ் இருந்தான். இதே நாற்காலியில், இதே சட்டையில், திரைக்கு உள்ளே இருந்து யாரோ எடுத்தது போல. அந்தக் கம்ப்யூட்டரில் கேமராவே கிடையாது. நாற்காலிக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை. கட்டுப்போட்ட இரண்டு சின்னக் கைகள் மட்டும் அவன் கண்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.

சட்டென்று ஃபோல்டரை மூடினாள்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. எங்க வீட்டு விசயம்."

படட்டும், நல்லா படட்டும் என்றுதான் அந்த நிமிஷம் அவள் மனசு சொன்னது.

ஹரிஷ் கண்ணைக் கசக்கினான். மை வாடை ஏறிவிட்டது என்றான். இன்னும் கசக்கினான். "எரியுது ரோஷினி. ஒண்ணும் தெரியலியே. ஏய், எங்கன இருக்க?" கையை எடுத்தபோது, கண்ணைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்திருந்தது. சின்னச் சின்ன விரல்களின் அச்சு.

அவளுடைய கோபம் அந்தக் கணமே வடிந்துபோனது. அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும், உடனே அழித்துவிட வேண்டும். பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக அடித்தாள்.

தவறு.

நிதானமாக மறுபடியும் அடித்தாள்.

தவறு.

கீழே குறிப்பு வந்தது. அவள் எழுதிய வரி அங்கே இல்லை.

"நீயும்தான சொல்லிட்ட, ரோசாக்கா."

ஜெனரேட்டர் நின்றது. விளக்கு அணைந்தது. அந்த எழுத்துகள் மட்டும் அணையவில்லை.

"பிரீத்தி, ஒரே ஒருத்தர்ட்டதான் சொன்னேன்" என்று கிசுகிசுத்தாள்.

பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் அவள் கண்களைப் பொத்தின. இமைமேல் கட்டுத்துணி சொரசொரவென்று உரசியது.

"யாருன்னு சொல்லு."