உள்ளே இருப்பவர்: ஒருவர்

கம்ப்யூட்டர் டேப் டிரைவ்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் அந்த அலுவலகத்தின் நிலவறைக்குப் போனது மத்தியானம் மூன்று மணிக்கு. பேய்க்கு ஏற்ற நேரமில்லைதான்; என்ன செய்வது, அவருக்கு அப்போதுதான் ஒழிந்தது. கண் டாக்டரிடம் மனைவியைக் காட்டிவிட்டு வரும் வழி. சொட்டு மருந்து விட்டிருந்ததால் அந்த அம்மாளுக்கு உலகமே மங்கல். அவளைக் காரில் உட்கார வைத்துவிட்டு, "அரை மணியில வந்துடறேன்" என்றார்.

"உங்க அரை மணி எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

மானேஜர் ஓர் அட்டையைக் கொடுத்தார். "இதைக் காட்டினாத்தான் கதவு திறக்கும் சார். வர்றது போறது எல்லாம் கம்ப்யூட்டர்ல தானா பதிவாகும். உள்ள வந்ததா பதிவு இல்லாத ஆளை வெளிய விடாது. ரொம்பக் கறார்."

"எங்க மாமியார் மாதிரி."

மானேஜர் சிரிக்கவில்லை. "இங்க இருந்த பழைய கம்ப்யூட்டர் ஆபரேட்டர் உள்ள போனது பதிவாயிருந்தது. வெளிய வந்தது இல்ல. ஆளும் கிடைக்கல. பதினொரு வருஷமாச்சு. அந்த வரியை நாங்கதான் அழிச்சோம்."

சொன்ன வேகத்தில் மாடி ஏறிவிட்டார்.

கதவு பின்னால் மூடிக்கொண்டது. ஜன்னல் இல்லாத அறை. சுட்ட தூசியின் வாடை. டிரைவுக்குள் பதினொரு வருஷமாகச் சிக்கிக் கிடந்தது, கம்ப்யூட்டர் பதிவுகளை நகலெடுத்து வைத்த ஒரு டேப். மெக்கானிக் மூடியைக் கழற்றினார். ரப்பர் உருளை இளகி, பிசினாக நாடாவைப் பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்து, புது உருளை போட்டார். டிரைவ் சுழன்றது. நெடுநாள் அடக்கிய மூச்சை யாரோ விடுவது போல ஒரு சத்தம்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, டேப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது தொழில் வழக்கம். முதலில் கிடைத்தது கதவின் பழைய பதிவேடு. அதைத் தனி ஃபோல்டரில் அல்லவா இறக்க வேண்டும்? காரில் காத்திருப்பவளை நினைத்த அவசரத்தில், இன்றைய பதிவேட்டின் மேலேயே இறக்கித் தொலைத்தார்.

திரையில் அவர் உள்ளே வந்ததைச் சொன்ன வரி மறைந்தது. பழைய வரி வந்தது.

உள்ளே இருப்பவர்: ஒருவர். ஆபரேட்டர்.

கதவுக்கு ஓடி அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு. அதன் கீழே எழுத்து ஓடியது.

நீங்கள் உள்ளே வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

செருப்பு தேயும் ஓசை, நிதானமாக, அவரை நோக்கி வந்தது. அவர் தோளை உரசிக்கொண்டு கடந்தது. உரசிய இடம் மரத்துப்போனது.

பச்சை விளக்கு.

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, மூடியது. அவர் பாய்ந்ததில் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

உள்ளே இருப்பவர்: யாருமில்லை.

மானேஜர் போனை எடுக்கவில்லை. மெக்கானிக் தன் மனைவியை அழைத்தார்.

"மானேஜரைக் கூட்டிட்டு வா," என்று கிசுகிசுத்தார். "உள்ள மாட்டிக்கிட்டேன்."

"யாருங்க பேசறது?"

"நான்தான்டி."

"இந்த விளையாட்டெல்லாம் வேற யார்கிட்டயாவது வச்சுக்குங்க. எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் வந்து வண்டியில உக்கார்ந்தார்." அவள் குரல் சற்று விலகியது. "ஏங்க, உங்க கை ஏன் இப்படி ஐஸா இருக்கு?"

கார் கிளம்பும் சத்தம் போனில் கேட்டது.

மெக்கானிக் மெல்லச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கார் சாவி அங்கேதான் இருந்தது.