நீளச் சீழ்க்கை

சீழ்க்கை தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

யாக்லிகா தூண்டில் நூலை வீசிவிட்டு, அதன் நுனியில் கட்டியிருந்த, இறகால் செய்த பொய் ஈ ஆற்றின் மேல் அமர்ந்து மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதோசாவா அவளுக்குப் பின்னால், கரையில், வில்லோ மரத்தடியில் நிற்கிறாள். சீழ்க்கை முதுகில் வந்து தட்ட வேண்டும். ஆனால் முகத்துக்கு நேராக, ஆற்றின் அந்தப் பக்கத்துச் செங்குத்துப் பாறையிலிருந்து வந்தது. அங்கே ஆள் நிற்க ஒரு சாண் இடம் கிடையாது. நீளமாக ஒரு சீழ்க்கை, நடுவில் மெலிதாக ஒரு 'ஸ்ஸ்'. விதோசாவாவுக்கு முன்பல் ஒன்று இல்லை. அந்தச் சந்தில் காற்று ஒழுகும். அவள் சீழ்க்கைதான். பாறையில் பட்டுத் திரும்பியிருக்கும் என்று யாக்லிகா நினைத்துக்கொண்டாள். நீளமாக ஒன்று என்றால், 'இரு, ஒன்றும் இல்லை.' அது போதும் அவளுக்கு.

மலையில் பனி உருகுகிற மாதத்தில் பிஸ்த்ரிட்சா ஆற்றுக்குக் காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம். இரவுக் குளிரில் கோமோவி மலை இறுகிக் கிடப்பதால் விடியலில் தண்ணீர் குறைந்து, கண்ணாடிப் பச்சையாக, கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போல ஓடும். நடுப்பகல் வெயில் உச்சிப் பனியைத் தொடும். அந்தத் தண்ணீர் ஓடைகளில் இறங்கி ஊருக்கு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிடும். சத்தம் போட்டுக்கொண்டு வராது. மெல்ல, வீட்டுக்குத் திரும்புகிற பூனை மாதிரி, காலடியில் வந்து நிற்கும். ஆற்று நடுவில் உள்ள கூழாங்கல் திட்டில் நின்று மீன் பிடிப்பவருக்கு எதிரே பெரிய ஓட்டம், முதுகுக்குப் பின்னால் கரையோரச் சின்ன வாய்க்கால். முதலில் நிரம்புவது முதுகுப் பக்கம்தான். தூண்டில்காரி ஈயைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஆற்றின் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்பதும் இல்லை. அதனால்தான் அந்த ஊரில் ஒருத்தர் திட்டுக்குப் போனால் இன்னொருத்தர் கரையில் நிற்பார், வாய்க்கால் நடுவிலுள்ள வெள்ளைக் கல்லின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு. கல்லின் தலை தெரியும்வரை கடந்து வரலாம். நீளமாக ஒன்று ஊதினால், இரு. குட்டையாக இரண்டு ஊதினால், தூண்டிலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வா. ஏன் என்று கேட்கக் கூடாது. கல்லைத் தானே திரும்பிப் பார்ப்பது கரையில் நிற்பவரைச் சந்தேகப்படுவது. அதைவிட முகத்தில் காறித் துப்பிவிடலாம்.

அதுவும் கரையில் நிற்பது கூமா என்றால் பேச்சே இல்லை. யாக்லிகாவின் மகளை ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து கையில் வாங்கியவள் விதோசாவா. அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கூமா. கூடப் பிறந்தவள் துரோகம் செய்தால் ஊர் நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடும். கூமா செய்தால் அந்த வீட்டில் நெருப்புக்கூடக் கேட்க மாட்டார்கள்.

மதியம் வில்லோ மரத்தடியில் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே யாக்லிகா கேட்டிருந்தாள். "காலைல வந்திருக்கலாம் கூமா. இந்த நேரத்துல வந்து உட்கார்ந்திருக்கோம்."

"காலைல ஒரு ஈ எழும்பாது. வெறும் தண்ணிய அடிச்சுட்டுப் போறதுக்கு வீட்டுல துணிய அடிக்கலாம். சாயங்காலம்தான் மீன் மேல வரும்."

"சாயங்காலம்தான் தண்ணியும் மேல வரும்."

"அதுக்குத்தான நான் நிக்கிறேன். எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

"பொட்டையில்ல. நீ ஏன் திங்கல?"

"பல்லு வலி."

"எது, இருக்கிற பல்லா, போன பல்லா?"

வேறொரு நாளாக இருந்தால் விதோசாவா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்திருப்பாள். அன்றைக்கு உதடு மட்டும் சிரித்தது. சிவப்புக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரொட்டித் துகள்களை விரலால் நசுக்கினாள்.

"பாலத்துல இன்னிக்கு உன் முறைதான? யாரு நிக்கிறா?" என்றாள் யாக்லிகா.

"தங்கச்சி மகன் நிக்கிறான்."

மேலே உள்ள மரப்பாலத்தில் பெண்கள் குளிர்காலம் முழுக்க முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மின்சாரத்துக்காக ஆற்றையே குழாய்க்குள் அடைத்துக் கொண்டுபோகப் பார்த்தார்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுடைய மண் தோண்டும் இயந்திரம் பாலத்தைத் தாண்டக் கூடாது என்று அந்தக் காவல். விதோசாவாதான் பலகை எழுதி ஆணி அடித்தாள். 'ஆறு விற்பனைக்கு இல்லை.' பனி கொட்டிய ராத்திரிகளில் இருவரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து, வரப்போகிற இயந்திரக்காரனை எப்படியெல்லாம் திட்டலாம் என்று ஒத்திகை பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

"மத்தவங்க எல்லாம் மனசு மாறிக் குழாய்க்கு நிலத்தக் குடுத்துட்டாங்க கூமா," என்றாள் விதோசாவா. "நீ ஒருத்திதான் பாக்கி."

"ஒருத்தியா? அப்ப நீ?"

"நானும் நீயும்தான். வாய் தவறிப் போச்சு."

"உன் வாயில பாதி காத்து, பாதி பேச்சு. நல்லாக் கேட்டுக்க. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் புல்வெளில குழாய் இறங்காது."

"தெரியும்," என்றாள் விதோசாவா. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது தெரியும்."

ஆழமான துறைகளை எப்போதும் இருவரும் முழங்கையோடு முழங்கை கோத்துக்கொண்டுதான் கடப்பார்கள். கனமானவள் மேல்பக்கம் நின்று ஓட்டத்தை மறிக்க வேண்டும். "மேல்பக்கம் என்னது. இவ்வளவு ரொட்டி தின்னது எதுக்கு?" என்பாள் விதோசாவா. அன்றைக்கு வாய்க்கால் கணுக்காலுக்கு மேல் இல்லை. யாக்லிகா தனியாகவே திட்டுக்குப் போனாள்.

இப்போது மீன்கள் மேலே வந்துகொண்டிருந்தன. பாறை நிழலில், எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் நீரில், ட்ரவுட் மீன்களின் மூக்குகள் வட்டம் வட்டமாக ஈக்களை உறிஞ்சின. நூலைப் பின்னால் சுழற்றும்போதெல்லாம் யாக்லிகாவின் தோள் திரும்பும். கடைக்கண்ணில் வில்லோ மரத்தடிச் சிவப்புக் கோட்டு ஒரு பொட்டு போல வந்துபோகும். அந்தப் பொட்டு இருக்கும்வரை உலகம் இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று அவளுக்கு. மேலே பாதையில் யாருடைய காரோ இருமி, திணறி, கிளம்பிப் போயிற்று. விதோசாவாவின் பழைய வண்டி மாதிரியே இருமுகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

சீழ்க்கை. நீளமாக ஒன்று.

இப்போதும் முன்னாலிருந்துதான்.

காற்றில் வாசனை மாறியிருந்தது. தெளிந்த தண்ணீரின் கல் வாசனை போய், மக்கிய காட்டு இலையும் ஈர மண்ணும் பனியின் இரும்பு வாசனையும் கலந்து மூக்கில் ஏறிற்று. பச்சையாக இருந்த ஆற்றில் யாரோ ஒரு கரண்டி பால் ஊற்றியதுபோல ஒரு மங்கல். போன இலையுதிர்காலத்துச் சருகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. பிறகு நுரை. பிறகு ஒரு பைன் கிளை, பட்டை உரியாமல், பச்சையாக. தண்ணீர் ஏறினால்தான் கரைக் குப்பை கிளம்பும். இது அவள் பிறந்ததிலிருந்து தெரிந்த பாடம்.

திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து கெஞ்சியது. அவள் பார்க்கவில்லை. கூமா நிற்கிறாள். கூமா கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சீழ்க்கை. நீளமாக, பொறுமையாக, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. பாறையிலிருந்து இல்லை. ஆற்றின் நடுவிலிருந்து.

எப்போதோ விதோசாவா சொன்னது நினைவுக்கு வந்தது. "இத்தனை வருஷமா என் விசிலக் கேட்டுக் கேட்டு ஆறே பாடம் பண்ணியிருக்கும்டி. நான் வராட்டியும் அது உனக்கு ஊதும்." அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அப்போது அந்தப் பலகை வந்தது.

முதலில் செத்த ஆட்டுக்குட்டி என்று நினைத்தாள். புரண்டு, மூழ்கி, மறுபடி எழுந்து, திட்டின் விளிம்பில் அவள் காலருகே முட்டி நின்றது. வெள்ளைப் பெயின்ட். விதோசாவாவின் கோணல் எழுத்து. 'ஆறு விற்பனைக்கு.' மீதி இல்லை. உடைந்த இடம் புதுசாக, மஞ்சளாக இருந்தது. ஆணியை யாரோ நிதானமாகக் கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள்.

இன்று பாலம் யார் முறை.

நீ ஒருத்திதான் பாக்கி.

பலகை முட்டிய இடம் திட்டின் விளிம்பு இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. விளிம்பு போய்விட்டது. தண்ணீர் அவள் கணுக்காலில் இருந்தது.

திரும்பினாள்.

வெள்ளைக் கல் இல்லை. கல் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஒரு சுருக்கம் போட்டு, வளைந்து, போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் ஆறாகியிருந்தது. அதற்கு அப்பால் வில்லோ மரம். மரத்தடியில் சிவப்புக் கோட்டு, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து நின்றது.

"கூமா," என்று கத்தினாள். "ஏன்டி ரெண்டு ஊதல?"

காற்று அடித்தது. கோட்டு அசைந்தது. கோட்டுக்குக் கீழே கால்கள் இல்லை.

கிளையில் மாட்டியிருந்தது. பொத்தான்கூடப் போட்டு, ஆள் நிற்கிற உயரத்தில், தோள் விரிய, அக்கறையாக மாட்டியிருந்தது. இத்தனை நேரமும் அவள் கடைக்கண்ணால் நம்பியது அதைத்தான். இருமிக் கிளம்பிய கார் யாருடையது என்றும் இப்போது தெரிந்தது.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. அந்தப் பொத்தான்கள்தான் வலித்தன. ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறாள். அந்த விரல்கள். யாக்லிகாவின் மகளைத் தண்ணீரிலிருந்து வாங்கிய விரல்கள்.

பின்னாலிருந்து சீழ்க்கை.

நீளமாக ஒன்று.

அந்த 'ஸ்ஸ்' அப்படியே இருந்தது. பல் போன சந்து. காற்று ஒழுகும் இடம். விதோசாவா இங்கே இல்லை. இது யார் வாய்?

அவள் திரும்பவில்லை. திரும்பவே கூடாது என்று பட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கால் அடியில் கூழாங்கற்கள் ஒன்றையொன்று தேய்த்து உருண்டன, பல் கடிப்பதுபோல. தூண்டில் கோலை விட்டாள். அது நேராகப் போகவில்லை. சற்றுத் தள்ளி எதன்மேலோ தட்டி நின்று, ஒதுங்கி, பிறகு போயிற்று.

பாதையில் கார் இருமியது. கதவு அறைந்தது.

விதோசாவா சரிவில் உருண்டு வருவதுபோல ஓடி வந்தாள். கோட்டு இல்லாமல், வெறும் சட்டையோடு, தலைத்துணி அவிழ்ந்து. கையில் காரை இழுக்கும் கயிறு. கரையில் வந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

குட்டையாக இரண்டு.

மறுபடி இரண்டு. மறுபடி. அழுகையில் சீழ்க்கை உடைந்தது. கயிற்றின் ஒரு முனையை வில்லோவில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு மறுமுனையை வீசினாள். அது யாக்லிகாவின் முன்னால் விழுந்து, இழுபட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் நெளிந்தது.

"பிடிடி," என்று வாய் அசைவது தெரிந்தது. இரைச்சலின் இடையில் துண்டு துண்டாகக் குரல் வந்தது. "பாதி வழில... முடியல கூமா... என்னால முடியல... பிடி."

யாக்லிகா கயிற்றைப் பார்த்தாள். மரத்தில் முடிச்சுப் போட்ட கையைப் பார்த்தாள். பக்கத்தில் தொங்கும் கோட்டைப் பார்த்தாள். பொத்தான்கள்.

பிடித்தால் நடு வாய்க்காலில் இருப்பாள். முடிச்சு விதோசாவாவின் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

"நீ கையெழுத்து போட்டியா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், ரொட்டி தின்னும்போது கேட்பதுபோல. கரைக்குக் கேட்டிருக்காது. ஆனால் விதோசாவா தலையைக் குனிந்துகொண்டாள்.

யாக்லிகாவின் முதுகுக்குப் பின்னால், காதுக்கு ஒரு முழம் தள்ளி, மெதுவாக.

நீளமாக ஒன்று.

இரு. ஒன்றும் இல்லை.

அது எப்போதும் ஒன்றையே சொன்னது. மாற்றிச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு பேசவில்லை. கோட்டை மாட்டிவிட்டுப் போகவில்லை. கயிறு இன்னொரு முறை நெளிந்து, அவள் இடுப்பைத் தொட்டு, நழுவி, ஓட்டத்தோடு போயிற்று.

குட்டையாக இரண்டு. கரையிலிருந்து. இரண்டு. இரண்டு. இரண்டு.

அவள் நகரவில்லை.

தண்ணீர் மார்புக்கு வந்தபோது ஓட்டம் திடீரென்று குறைந்தது. மேல்பக்கம் யாரோ வந்து மறித்து நின்றதுபோல. கனமான யாரோ. பிறகு அவள் முழங்கைக்குள் ஒரு முழங்கை நுழைந்து, பழக்கப்பட்ட விதமாக, இறுகக் கோத்துக்கொண்டது. பனிக்கட்டியின் குளிர். மக்கிய இலை வாசனை.

கரையில் விதோசாவாவின் சீழ்க்கை நின்றுவிட்டது. இரண்டு விரலும் வாயிலேயே இருந்தன. அவள் யாக்லிகாவைப் பார்க்கவில்லை. யாக்லிகாவுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துத்தான் யாக்லிகாவும் தலையைத் திருப்பினாள். கோத்துக்கொள்ளாத இன்னொரு கை தண்ணீரிலிருந்து எழுந்தது, சொட்டிக்கொண்டு. இரண்டு விரல்கள், முகம் இருக்க வேண்டிய இடத்துக்குப் போயின. அங்கே தண்ணீர்தான் இருந்தது. தண்ணீரில் ஒரு பல் போன சந்து மட்டும் இருந்தது.