பதினாறு எழுத்துப் பெண்

"வக்கீலம்மா... ரத்தம் நிக்கல!"

போனில் மப்ரூக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"எங்க இருக்கே?"

"ஆஸ்பத்திரி கக்கூஸ்ல. தாழ்ப்பாள் போட்டிருக்கேன். வெளிய போலீஸ்! அவங்க போனாத்தான் திறப்பேன்..."

சிசிலியின் அந்தச் சிற்றூரிலிருந்த இரண்டு சிக்னல்களையும் மதிக்காமல், ஆறே நிமிடத்தில் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் நின்றாள் வக்கீல் கொன்செத்தா.

கழிவறை வாசலில் இன்ஸ்பெக்டர் சிலியா. பக்கத்தில் ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் ஒக்கிபிந்தி. இஸ்திரி போட்ட கோட்டு. இஸ்திரி போட்ட சிரிப்பு.

கதவுக்கு அடியில் சிவப்பாய் ஒரு கோடு... நகர்ந்துகொண்டிருந்தது!

"உடைச்சா ஜன்னல் வழியா குதிச்சிடுவேன்!" உள்ளேயிருந்து மப்ரூக்கா.

"துனீசியாலேருந்து திருட்டுத்தனமா வந்தவ. தக்காளி வளக்கிற பிளாஸ்டிக் கூடாரத்துல கூலி. இங்க தங்குறதுக்குக் காகிதமே கிடையாது." பல்லிடுக்கில் சிக்கியதைத் துப்புவதுபோல் சொன்னார் டாக்டர்.

"காகிதம் இல்லாதவளுக்கும் கரு கலையும், டாக்டர். வைத்தியத்துக்கு வந்தவளைப் போலீஸ்ல காட்டிக் கொடுக்கக் கூடாது. சட்டம்! போன வருஷம் கேஸ் போட்டு, இதே சுவத்துல நோட்டீஸ் ஒட்ட வச்சேனே?"

அந்த நோட்டீஸை மறைத்தபடி புனிதர் காலண்டர் தொங்கியது.

"நாங்க யாரும் போன் பண்ணல மேடம். தெருவுல எவனாவது சொல்லியிருப்பான்" என்றார் டாக்டர்.

கொன்செத்தா திரும்பினாள். "இன்ஸ்பெக்டர், யாரைத் தேடி வந்தீங்க? பேரென்ன?"

சிலியா துண்டுச் சீட்டைப் பிரித்தார். "பேர் இல்ல. நம்பர்தான். எஸ்.டி.பி... ஒண்ணு... ஒம்போது..."

பதினாறு எழுத்தையும் படித்தார்.

கொன்செத்தா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"காகிதம் இல்லாத நோயாளிக்குப் பேருக்குப் பதிலா ஆஸ்பத்திரி போடுற நம்பர் இது. மப்ரூக்கா! உன் நம்பர் அட்டை எங்க?"

"கொடுக்கவேயில்ல! உட்காருன்னாங்க... போலீஸ் வந்துருச்சு!"

எதிர் மேஜைப் பிரிண்டரில் அந்த அட்டை இன்னும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அதே பதினாறு எழுத்து!

"நோயாளிக்கே தெரியாத நம்பர், டாக்டர். தெருவுல போறவன் மனப்பாடமா ஒப்பிச்சானா?"

டாக்டரின் சிரிப்பில் இஸ்திரி கலைந்தது.

"இன்ஸ்பெக்டர், இன்னும் ஒரு நிமிஷம் இங்க நின்னா நீங்களும் கேஸ்ல உண்டு."

சிலியா நல்லவர் அல்ல. ஆனால் பென்ஷனுக்கு ஒன்றரை வருடம்தான் பாக்கி.

"போன் இவர் ரூம்லேருந்துதான் வந்துச்சு." சீட்டைக் கொன்செத்தாவின் கையில் திணித்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

தாழ்ப்பாள் விலகியது. நர்ஸ்கள் ஓடினார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது மப்ரூக்கா டாக்டரைப் பார்த்து அரபியில் ஏதோ சொன்னாள். வாழ்த்து அல்ல. பிழைத்துவிடுவாள்!

டாக்டர் கொன்செத்தாவின் பக்கத்தில் வந்தார்.

"மேடம்... என் பேர் மட்டும் வெளிய வராம..."

"கவலையே படாதீங்க, டாக்டர். நீங்க போற இடத்துல உங்களையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. நம்பர்தான்!"